வெள்ளிக்குஞ்சுகளை எண்ணுவது எப்படி? கடலுக்குப் போகும் சால்மன் குஞ்சுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தம்பியின் மகள், எனக்குப் பெறாமகள், கனடாவின் மேற்குக் கரையில் வன்கூவர் தீவில் ஒரு சிற்றாற்றில் சால்மன் குஞ்சு எண்ணும் வேலை பார்க்கிறாள். அவள் அனுப்பிய காணொளிகளைக் கடந்த ஆவணியில் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் வாசிகசாலையில் காட்டினேன். உயர்தர மாணவர்களும் கடற்றொழிலாளர் சிலரும், வேறு பொழுதுபோக்கில்லாத என் வயதுக்காரர்களும் வந்திருந்தார்கள். அன்று தொடங்கிய கேள்விகள் இன்னும் ஓயவில்லை. சந்தையில் மறித்துக் கேட்கிறார்கள், கோயில் வீதியில் கேட்கிறார்கள். முப்பது வருடம் விலங்கியல் படிப்பித்த வாய்க்கும் களைப்பு உண்டு. ஆகவே எழுதிவைக்கிறேன்.

சால்மன் என்பது நாங்கள் சாப்பிடும் மீன் ரின்தானே?

இல்லை. ஒரு காலத்தில் அந்தப் பெயரோடு வந்த ரின்கள் விட்டுச்சென்ற பழக்கம் இது. கடையில் இப்போது கிடைக்கும் ரின்னுக்குள் இருப்பது பெரும்பாலும் கானாங்கெளுத்தி வகை மீன். சால்மன் குளிர்நாட்டு மீன். அத்திலாந்திக்கில் ஓர் இனமும் பசுபிக்கில் பல இனங்களும் உண்டு. நன்னீரில் பிறந்து, கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி முட்டையிடுவது இவற்றின் வழக்கம்.

குஞ்சு ஏன் ஆற்றை விட்டுப் போகிறது? அங்கேயே வளரக்கூடாதா?

சாப்பாடுதான் காரணம். வடநாட்டு ஆறுகள் தெளிந்தவை, குளிர்ந்தவை, இரை குறைவு. பக்கத்துக் கடல் இரையால் நிறைந்தது. தாய்மீன் ஆற்றுக் கூழாங்கல்லுக்குள் சில ஆயிரம் முட்டைகளை இட்டு மூடிவிடும். பொரித்த குஞ்சு மஞ்சட்கருப் பையைச் சுமந்தபடி கல்லிடுக்கில் சில வாரம் கிடந்துவிட்டு மேலே வரும். பிறகு விலாவில் விரலால் மை பூசி ஒற்றியதுபோலக் கரும்பட்டைகள் தோன்றும். இந்தப் பட்டைப் பருவம் எவ்வளவு காலம் என்பது இனத்தைப் பொறுத்தது. பசுபிக்கின் இளஞ்சிவப்புச் சால்மன் அதையெல்லாம் பார்ப்பதில்லை. கல்லைவிட்டு வெளிவந்த கையோடு கடலுக்குப் போய்விடும். சொக்கெய் இனம் பெரும்பாலும் ஓரிரு வருடம் ஏரியில் வளரும். அத்திலாந்திக் சால்மன் ஆற்றிலேயே இரண்டு மூன்று வருடம் தங்குவது வழமை. மிகக் குளிர்ந்த இடங்களில் இன்னும் கூட.

ஒரு வசந்தத்தில் பட்டைகள் மறைந்து உடல் வெள்ளிக்காசாக மினுங்கத் தொடங்கும். இந்தப் பருவத்தை அங்கே ஸ்மோல்ட் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் நாவில் ஒட்டுவதில்லை. வெள்ளிக்குஞ்சு என்றே எழுதுகிறேன்.

நன்னீர்க் குஞ்சு உப்புநீருக்குள் போனதும் செத்துவிடாதா?

உயர்தர மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. பட்டைப் பருவக் குஞ்சை அப்படியே கடலில் விட்டால் பெரும்பாலும் சாகும். நன்னீரில் மீனின் உடலுக்குள் நீர் புகுந்துகொண்டே இருக்கும், உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். எனவே செவுள் உப்பை உள்ளே இழுக்க வேண்டும். கடலில் எல்லாம் தலைகீழ்: நீர் வெளியேறும், உப்பு உள்ளே ஏறும், செவுள் உப்பை வெளியே தள்ள வேண்டும். பாடத்தில் படிக்கும் சோடியம்-பொற்றாசியம் பம்பி, அதாவது உப்பை வெளியேற்ற உதவும் புரதம், செவுளில் பல மடங்கு பெருகுவதுதான் இதற்கான ஆயத்தம். பகற்பொழுது நீள்வதும் நீர் சூடேறுவதும் அதற்குத் தூண்டுதல். வளர்ச்சி ஓமோனும் கோட்டிசோலும் வேலையைச் செய்கின்றன. செதிளில் படியும் குவானின் பளிங்குகளே அந்த வெள்ளி நிறம். ஆற்றில் ஒளிய உதவிய பட்டை கடலில் காட்டிக்கொடுக்கும். வெள்ளி உடலோ மேல்நீரின் ஒளியோடு கலந்துவிடும்.

இதே நாட்களில் தன் ஆற்று நீரின் மணத்தைக் குஞ்சு மனதில் பதித்துக்கொள்கிறது. ஓரிரு வருடம் கழித்து, சிலவேளை இன்னும் தாமதித்து, அந்த மணத்தைப் பிடித்துத்தான் திரும்பி வருகிறது. ஆயத்தம் கூடிய இந்தக் காலம் சில வாரங்களே. அதற்குள் கடலை அடையாத குஞ்சு திரும்பவும் நன்னீர் உடலுக்கு மாறத் தொடங்கிவிடும். எங்காவது ஓர் அணையில் பத்து நாள் தாமதித்தாலும் அது சின்ன விடயம் அல்ல.

பெரிய மீன் திரும்பி வரும்போது எண்ணினால் போதுமே. விரலளவு குஞ்சை ஏன் எண்ண வேண்டும்?

என்னைக் கேட்டால், மற்றக் கேள்விகளை விட்டாலும் இதை விடக்கூடாது.

வந்த மீனை மட்டும் எண்ணுபவன், கடைப்பெட்டியில் மாலை மிஞ்சிய காசை மட்டும் எண்ணுகிறவன். நட்டம் என்று தெரியும். எங்கே நட்டம் என்று தெரியாது. சால்மன் குறைந்தால் முட்டையிட்ட ஆறு கெட்டிருக்கலாம், கடல் கெட்டிருக்கலாம், இடைவழியில் ஏதோ நடந்திருக்கலாம். ஆற்றுவாயில் போகும்போது ஒரு கணக்கு, வரும்போது ஒரு கணக்கு என்று இரண்டு இருந்தால்தான் பழியை எங்கே போடுவதென்று பிரித்துச் சொல்லலாம்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் பிரேசர் ஆறு இதற்கு நல்ல சாட்சி. 2009ஆம் ஆண்டு ஒரு கோடிக்கும் மேற்பட்ட சொக்கெய் சால்மன்கள் திரும்பும் என்று எதிர்பார்த்தார்கள். வந்தவை 15 இலட்சம் அளவில்தான். மீனவர்கள் வலையைக் கரையில் மடித்துவைத்துவிட்டு நின்றார்கள். அரசு நீதியரசர் புரூஸ் கோகன் தலைமையில் விசாரணை ஆணைக்குழு அமைத்தது. 2012 ஒக்டோபரில் அறிக்கை 75 பரிந்துரைகளோடு வந்தது. எல்லாரும் ஒருவரையொருவர் குற்றம்சாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பழைய கொப்பி கைகொடுத்தது. பிரேசரின் கிளையான சில்கோ ஏரியின் வாயிலில் வேலி கட்டி, வெளியேறும் குஞ்சுகளைப் பல பத்தாண்டுகளாக எண்ணிவந்திருக்கிறார்கள். 2009இல் திரும்பியிருக்க வேண்டிய மீன்கள் குஞ்சாக வெளியேறியது 2007 வசந்தத்தில். அந்த வருடம் சில்கோவிலிருந்து போன குஞ்சுகள் வழமையைவிட மிக அதிகம். அப்படியானால் ஏரியில் குறையில்லை. ஏரியை விட்ட பிறகே ஏதோ நடந்திருக்கிறது. அடுத்த வருடம், 2010இல், மூன்று கோடியை நெருங்கிய மீன்கள் வந்து எல்லாரையும் மறுபடி திகைக்கவைத்தன. கடலுக்குள் நடப்பது எவ்வளவு பெரியது என்பதற்கு அது போதும்.

எப்படிப் பிடிக்கிறார்கள்?

காணொளியில் எல்லாரும் வியந்து பார்த்த அந்தச் சுழலும் கூம்புதான் இப்போது பரவலாக இருக்கும் பொறி. இரண்டு மிதவைகளுக்கு நடுவே ஓர் உலோகக் கூம்பு. வாய் ஒன்றரை மீற்றர், பெரிய ஆறென்றால் 2.4 மீற்றர். பாதி நீருக்குள், பாதி வெளியே. வாய் மேல்நீரோட்டத்தைப் பார்த்திருக்கும். உள்ளே திருகாணி மாதிரியான தகடுகள். நீரின் வேகமே கூம்பைச் சுழற்றும். உள்ளே வந்த குஞ்சை அந்தத் திருகு பின்னால் உள்ள பெட்டிக்குத் தள்ளிவிடும். மோட்டார் இல்லை, பற்றரி இல்லை. பெட்டிக்குள் நீர் அமைதியாக இருப்பதால் குஞ்சு காலைவரை உயிரோடு இருக்கும்.

குருநகர்ப் பெரியவர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, 'இது எங்கள் சிறகுவலையின் தம்பிதானே' என்றார். ஒருவகையில் சரி. இரண்டு பக்கமும் சிறகு விரித்து, மீனை அதன் போக்கிலேயே போகவிட்டு, கடைசியில் மடிக்குள் சேர்க்கும் அதே புத்திதான். வேகம் குறைந்த ஆறுகளில் சிறகுவலை போன்ற வலைகளையே வைக்கிறார்கள். சிறிய ஓடைகளில் முழு ஓடைக்கும் குறுக்கே வேலி கட்டி ஒரு குஞ்சும் தப்பாமல் எண்ணுவதும் உண்டு. நோர்வேயின் இம்சா ஆற்றில் 1970களிலிருந்து அப்படி ஒரு நிலையான பொறி இருக்கிறது.

குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் நகரும், பகலில் பறவையும் பெரிய மீனும் பார்த்துக்கொண்டிருக்கும் என்பதால். ஆகவே பெறாமகளின் வேலை விடியலில் தொடங்கும். பெட்டியைத் திறந்து கைவலையால் அள்ளி, இனம் பிரித்து எண்ணி, சிலவற்றை வாலின் கவர் வரை நீளம் அளந்து, நிறுத்து, இரண்டு மூன்று செதிள் எடுத்து விட்டுவிடுவாள். செதிளில் மரத்தின் வளையம்போல வயது எழுதியிருக்கும். நீரின் வெப்பநிலை, ஆற்றின் மட்டம், கூம்பு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பவையும் கொப்பியில் ஏறும். 'பெரியப்பா, விரல் விறைத்தால் பென்சில் பிடிக்க ஏலாது' என்று ஒருமுறை எழுதியிருந்தாள். மழையிலும் அழியாது என்பதால் பென்சில்.

பொறியில் விழுவது கொஞ்சம்தானே. முழு ஆற்றுக் கணக்கு எங்கிருந்து வருகிறது?

கணக்கு மிக எளிது, அழகும் கூட. ஒரு பேச்சுக்கு: பிடித்த குஞ்சுகளில் 200ஐ எடுத்து வாற்செட்டையின் ஓரத்தில் சிறு துணுக்கு வெட்டியோ, சாயம் ஏற்றியோ அடையாளம் வைக்கிறோம். அவற்றைப் பொறிக்கு மேலே, ஆறு நன்றாகக் கலக்கும் அளவுக்குத் தூரம் கொண்டுபோய் இரவில் விடுகிறோம். 20 மறுபடி பொறியில் விழுகின்றன. அப்படியென்றால் பொறி பத்தில் ஒன்றைப் பிடிக்கிறது. அந்த வாரம் பொறியில் விழுந்தவை 3,000 என்றால் ஆற்றில் போனவை ஏறத்தாழ 30,000. டென்மார்க்கின் பீற்றர்சன் 1890களில் தட்டைமீன்களுக்கு அடையாளம் வைத்தது முதல் இந்த யோசனை மீனியலில் வேரூன்றிவிட்டது.

அந்த எண்ணை நம்பலாமா?

நம்பலாம், பிழை வரம்போடு. ஆறு பெருகும்போது பொறியின் பிடி மாறும். எனவே அடையாளம் வைத்து விடும் வேலையை வாரந்தோறும் செய்ய வேண்டும். அடையாளம் வைத்த குஞ்சு களைத்துப் படுத்துவிட்டாலோ, வழியில் இரையாகிவிட்டாலோ கணக்கு உப்பிப்போகும். இதையெல்லாம் புள்ளிவிபரக்காரர் சமாளிப்பார்கள். சமாளிக்க முடியாதது வெள்ளம். மரக்கட்டைகள் அடித்துவரும் இரவில் பொறியை உயர்த்திவைக்காவிட்டால் உடைந்துபோகும். குஞ்சுகளோ கலங்கல் வெள்ளம் வந்த இரவையே பார்த்துப் புறப்படும். ஆக, அதிகம் போகும் இரவிலேயே கொப்பி வெறுமையாக இருக்கும். முன்பின் நாட்களை வைத்து அந்த இடைவெளியை நிரப்புகிறார்கள். நிரப்பிய எண்ணை நிரப்பிய எண் என்று எழுதிவைப்பதுதான் நேர்மை. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இதற்காக நான் எத்தனை பிள்ளைகளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்!

எண்ணும் வேலையே தொல்லையாவதும் உண்டு. சில்கோ வேலியில் குஞ்சுகள் நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்து, புல் ட்ரவுட் எனும் இரைகௌவி மீன்கள் அங்கே வந்து வயிறு வெடிக்கத் தின்றதை ஆய்வாளர்களே பதிவுசெய்திருக்கிறார்கள்.

கையாளும்போது குஞ்சுக்கு நோகாதா?

கை ஈரமில்லாமல் தொட்டாலே அதன் வழுவழுப்புப் படலம் உரியும், பூஞ்சணம் பிடிக்கும். எனவே முதலில் மயக்கமருந்து கலந்த வாளியில் விடுவார்கள். சில இடங்களில் அந்த மருந்து என்ன தெரியுமா? கராம்பு எண்ணெய். பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைக்கிறோமே, அதே யூஜினோல்தான் மீனையும் மயக்குகிறது. அளந்ததும் காற்றூட்டிய சுத்தநீரில் தெளியவைத்து, நிழலான இடமாகப் பார்த்து விடுவார்கள். நீர் மிகவும் சூடாக உள்ள நாளில் தொடுவதே இல்லை.

மீனுக்குள் 'சிப்' வைக்கிறார்களாமே?

வைக்கிறார்கள். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சிறு சுருளும் சில்லும்; 12 மில்லிமீற்றர் நீளம், நெல்மணியைவிடச் சற்றுப் பெரிது, எடை 0.1 கிராம். பற்றரி கிடையாது. அலைவாங்கியைக் கடக்கும்போது அதன் புலத்திலிருந்தே சக்தி பெற்றுத் தன் இலக்கத்தைச் சொல்லும். ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரு தேசிய அடையாள அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் புரூம் ஆற்றில் ஆண்டுதோறும் செப்டெம்பரில் ஏறத்தாழ 10,000 குஞ்சுகளுக்கு இதை வைக்கிறார்கள். குறை என்னவென்றால், அலைவாங்கிக்கு மிக அருகில் வந்தால்தான் பேசும். கடலில் தேடுவதற்குப் பற்றரியோடு ஒலியெழுப்பும் குறி வேண்டும். அதைச் சற்றுப் பெரிய குஞ்சால்தான் சுமக்க முடியும்.

அமெரிக்காவின் கொலம்பியா, ஸ்னேக் ஆறுகளில் இந்தச் சில்லுகள் சொன்ன கதைகள் ஏராளம். லோவர் கிரானிற் அணைக்கு மேலிருந்து புறப்படும் குஞ்சு கடலை அடைய எட்டு அணைகளைக் கடக்க வேண்டும். அணையின் பக்கவழிகளில் அலைவாங்கிகள் பொருத்தி யார் எப்போது தாண்டினார்கள் என்று பார்க்கிறார்கள். ஒரு பகுதிக் குஞ்சுகளைப் படகில் ஏற்றி, கடைசி அணையான பொன்னவிலுக்குக் கீழே கொண்டுபோய் விடுகிறார்கள். ஆம், மீனைப் படகில் ஏற்றி ஆற்றில் கொண்டுபோகிறார்கள்! வாசிகசாலையில் இதற்குத்தான் பெரிய சிரிப்பு எழுந்தது.

காணாமற்போன சில்லுகள் பல, முகத்துவாரத் தீவுகளில் பறவைகள் கூடுகட்டும் மணலில் கிடைத்தன. குஞ்சைத் தின்ற கஸ்பியன் ஆலாவும் நீர்க்காகமும் சில்லை அங்கேயே கழித்துவிட்டிருந்தன. எந்தக் கூட்டம் எத்தனை தின்றது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? கஸ்பியன் ஆலாவை நம் களப்புகளிலும் பார்க்கலாம்: சிவந்த பெரிய அலகு, கறுத்த தலை.

நோர்வேயிலிருந்து மச்சான் கொண்டுவருவது இந்த மீனா?

அது பண்ணைமீன். மிதக்கும் வலைக்கூண்டில் வளர்ந்தது. நோர்வேக்கும் நமக்கும் மீன்வழி உறவு பழையது. குருநகரைச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் 1956இல் அங்கே போனார். பிறகு வந்த சீநோர் நிறுவனம் காரைநகரில் படகு கட்டியதையும் குருநகரில் வலை செய்ததையும் என் வயதுக்காரர்கள் அறிவார்கள். 1980களில் போன எங்கள் பிள்ளைகள் பலர் வடநோர்வேயின் மீன் தொழிற்சாலைகளில் நின்றார்கள்.

காட்டுக்குஞ்சுக்கும் பண்ணைக்கும் உள்ள தொடர்பு கடற்பேன். கூண்டுகளில் பெருகும் பேன், பக்கத்தால் கடலுக்குப் போகும் வெள்ளிக்குஞ்சில் தொற்றும். பெரிய மீனுக்கு அரிப்பு. 20 கிராம் குஞ்சுக்குச் சாவு. 2017 முதல் நோர்வே தன் கரையை 13 வலயங்களாகப் பிரித்து, பேனால் இறக்கும் காட்டுக்குஞ்சுகளின் மதிப்பீட்டைப் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்குப் போடுகிறது. 10 சதவீதத்துக்குக் குறைந்தால் பச்சை, 30ஐத் தாண்டினால் சிவப்பு. சிவப்பு விழுந்த வலயத்தில் பண்ணைகள் உற்பத்தியைக் குறைக்க நேரிடும். விரலளவு குஞ்சின் கணக்கு கோடிக்கணக்கான பணத்தை அசைக்கிறது.

போனவற்றில் எத்தனை திரும்பும்?

அத்திலாந்திக்கின் பல ஆறுகளில் இப்போது நூறு போனால் ஐந்துகூட வருவதில்லை. நாற்பது வருடங்களுக்கு முன் நிலைமை பல மடங்கு நன்றாக இருந்தது. 2023 டிசெம்பரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அத்திலாந்திக் சால்மனை 'அச்சுறுத்தலை அண்மித்த' இனமாக மாற்றியது; 2006க்கும் 2020க்கும் இடையில் உலகத்தொகை 23 சதவீதம் சரிந்ததே காரணம்.

யாழ்ப்பாணத்தில் சால்மன் வளர்க்கலாமா?

முடியாது. 20 பாகை செல்சியஸைத் தாண்டினாலே திணறும் மீன் அது. நமக்கு ஆறும் இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும்.

அப்படியானால் இதெல்லாம் நமக்கு எதற்கு?

தொண்டைமானாறு, அரியாலை, அராலி ஆகிய மூன்று இடங்களிலும் உவர்நீரைத் தடுக்கும் அணைகள் இருக்கின்றன. கதவைப் பூட்டினால் களப்பு நன்னீராகும், கிணற்றுக்கு நல்லது. மாரிவெள்ளத்துக்குத் திறக்கிறோம். இந்தத் திறப்பும் பூட்டும் விவசாயிக்கும் வெள்ளத்துக்கும் பார்த்து நடக்கின்றன. மீனையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம் என்பதுதான் என் வாதம்.

நம்மிடம் பயணம் தலைகீழ். சால்மன் குஞ்சு வெளியே போகிறது. நம் மணலை, இறால், விலாங்கு முதலியவற்றின் குஞ்சுகள் கடலில் பிறந்து உள்ளே வருகின்றன. களப்பில் வளர்ந்து பிறகு கடலுக்குத் திரும்புகின்றன. ஆகவே கதவடியில் இரண்டு தடவை எண்ண வேண்டும்: வரும்போது ஒன்று, போகும்போது ஒன்று.

ஒரு கடற்றொழிலாளி எழுந்து, 'சேர், வலையைத் தூக்கும்போதே இந்த வருடம் எப்படி என்று சொல்லிவிடுவோம். கொப்பி எதற்கு?' என்று கேட்டார். அவருடைய கைக்கு இருக்கும் அறிவு எனக்கு இல்லை. ஆனால் கை நல்ல இரவுகளையே நினைவில் வைத்திருக்கும். ஒன்றும் விழாத பதினொரு இரவும் கொப்பியில்தான் இருக்கும். அவருக்கும் அது ஏறத்தாழ உடன்பாடுதான், சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சரி, தொடங்க என்ன வேண்டும்?

முதலில் கடற்றொழில் திணைக்களத்தினதும் அணைக்குப் பொறுப்பானவர்களினதும் அனுமதி. பிறகு கண் நெருங்கிய சிறுவலை ஒன்று, வெள்ளை வாளி இரண்டு, வெப்பமானி, உவர்மானி, பென்சில். தொண்டைமானாற்றில் ஒரே கதவு, மாதத்தில் அமாவாசையை ஒட்டிய மூன்று இரவுகள், ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு நேரம். எண்ணி, படமெடுத்து, அங்கேயே விட்டுவிடுவது. இனம் பிரிப்பதற்கு அந்தக் கடற்றொழிலாளி வரச் சம்மதித்திருக்கிறார். இரவில் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர் கூடவே வரலாம். சந்நிதி கோயில் பக்கத்தில்தான், தேநீருக்கும் வழி உண்டு. ஐப்பசி அமாவாசைக்கு முன் பெயர் தரவேண்டும். நுளம்புக்கு முழுக்கைச் சட்டை போட்டு வரவும்.